வட ஸ்பெயின்: கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒன்பது நாட்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ஒன்பது நாட்கள் கையில் இருக்கின்றன. பில்பாவில் இறங்கி, வடக்குக் கடற்கரை நெடுகக் காரில் போய், கலீசியாவில் உள்ள சாந்தியாகோவில் விமானம் ஏற வேண்டும் என்பது திட்டம். கூடவே துணைவரும் 64 வயது அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, சுத்த சைவம். நேரம் போதாது என்று தோன்றுவதால் கடலை விடுவதா, மலையை விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் விடாதீர்கள். சாந்தியாகோவை விடுங்கள். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பில்பாவிலிருந்து சாந்தியாகோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது, ஓட்டிவிடலாம். ஆனால் தினமும் பெட்டியைக் கட்டி, தினமும் புதிய ஊரில் அறை தேடிப் போகிறவர்களுக்கு இந்த நிலம் தன்னைக் காட்டாது. நான் முதல் முறை பிரெஞ்சு எல்லையிலிருந்து சாந்தியாகோ வரை எட்டு நாட்களில் ஓடினேன். ஊர்ப் பெயர்கள் நினைவில் இருக்கின்றன, ஊர்கள் இல்லை. அடுத்த இரண்டு முறையும் அஸ்தூரியாஸ் மாகாணத்தின் கிழக்கு ஓரத்திலும் அதை அடுத்த கந்தாப்ரியா மாகாணத்தின் மேற்கு ஓரத்திலும் மட்டும் தங்கினேன். ரிபாதெசேயா என்ற துறைமுகத்துக்கும் பொதெஸ் என்ற மலையூருக்கும் இடையே உள்ள சிறு நிலப்பகுதி அது. ஒன்பது நாட்களுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும்.

ஏன் அந்த இடம் என்று கேட்பீர்கள். பிக்கோஸ் தே எவ்ரோப்பா என்ற மலைக்கூட்டத்தின் உச்சி 2,650 மீட்டர். அங்கிருந்து கடல் வெகு தூரமில்லை. மலைக்கூட்டத்தின் வடக்கு விளிம்பிலிருந்து அளந்தால் இருபது கிலோமீட்டர்தான். 'ஐரோப்பாவின் சிகரங்கள்' என்ற பெயரே, அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாலுமிகளுக்கு முதலில் கண்ணில் பட்ட ஐரோப்பா இந்தச் சிகரங்கள்தான் என்பதால் வந்தது என்று அங்கே சொல்வார்கள். காலையில் கடலில் கால் நனைத்துவிட்டு மதியம் பாறைச் சிகரத்தின் அடியில் நிற்கலாம். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த மலை முழுவதும் சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதே சுண்ணாம்புதான் கடற்கரை வரை வருகிறது. மழை அதைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. மலையில் அது ஆழ்ந்த பிளவாகிறது, நடுவில் குகையாகிறது, கரையில் கடல் பீறிடும் துளையாகிறது. பாலாடைக்கட்டி பழுப்பதும் அந்தக் குகைகளில்தான், ஆதிமனிதன் ஓவியம் தீட்டியதும் அந்தக் குகைகளில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பார்ப்பது ஒவ்வொன்றும் அடுத்ததோடு சேர்ந்துகொள்ளும்.

மழையைப் பற்றிப் பயம் எழுதியிருந்தீர்கள். மழை பெய்யும். செப்டம்பரிலும் பெய்யும். ஸ்பெயின் என்றதும் நினைவுக்கு வரும் காய்ந்த நிலம் தெற்கே இருக்கிறது. இந்தப் பக்கத்துக்குப் 'பசுமை ஸ்பெயின்' என்றே பெயர். நனைவதே தெரியாமல் நனைத்துவிடும் சாரலுக்கு அஸ்தூரியாஸில் 'ஒர்பாயு' என்றும் பில்பா இருக்கும் பாஸ்க் நாட்டில் 'சிரிமிரி' என்றும் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மழை எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதனோடு ஒத்துப்போகலாம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி வடக்குச் சரிவில் பொழிகிறது. மலைக்கு உள்ளே, பொதெஸ் இருக்கும் லியேபனா பள்ளத்தாக்கைச் சுற்றிலும் உயர்ந்த மலைகள் அடைத்திருப்பதால் அங்கே மழை குறைவு. திராட்சையும் ஆலிவும் தக்கை மரமும் அங்கே வளர்வதே அதற்குச் சாட்சி. இன்னொன்று: கடற்கரையில் மேகம் தாழ்ந்து மூடிக் கிடக்கும் நாளில், ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேலே பளிச்சென்று வெயில் அடிப்பதும் உண்டு. ஆகவே எந்த நாளில் எங்கே என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். காலையில் எழுந்து மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மலை மேலே உள்ள கேமராக்களின் படம் இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். பெரும்பாலும் இரண்டே ஊர்களில் தங்கச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

எட்டு இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: பில்பாவில் ஒன்று, யானெஸ் கடற்கரையூரில் நான்கு, பொதெஸில் இரண்டு, திரும்பும் வழியில் சாந்தியானா தெல் மாரில் ஒன்று. அங்கிருந்து பில்பாவுக்கே திரும்பி விமானம்.

பில்பாவில் எல்லோரும் 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். நீங்களும் வெளியே ஆற்றோரம் ஒரு நடை போய்வாருங்கள், உள்ளே போவது உங்கள் விருப்பம். நான் சொல்வது அங்கிருந்து மெட்ரோவில் போய்விடக்கூடிய வேறொன்று. நெர்வியோன் ஆறு கடலில் சேரும் இடத்தில், 1893இல் கட்டிய தொங்கு வண்டிப் பாலம் இருக்கிறது. கப்பல்கள் அடியில் போக வேண்டும், ஆனால் உயரமான பாலத்துக்கு ஏறும் சாய்வுப் பாதை கட்டக் கரையில் இடமில்லை. அதனால் உயரத்தில் ஒரு இரும்புக் கட்டையைக் கட்டி, அதிலிருந்து கம்பிகளில் ஒரு வண்டியைத் தொங்கவிட்டார்கள். இன்றும் அது கார்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேலே போய்வருகிறது. சந்தைக்குப் போகிறவர்களோடு உங்கள் அம்மாவும் சில்லறை கொடுத்து ஏறி அக்கரைக்குப் போகலாம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

யானெஸ் இரண்டு மணி நேரப் பயணம். ஊருக்கு வெளியே பெரிய ஓட்டல் எடுக்காதீர்கள்; சமையலறையோடு கிராமத்து வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். அம்மாவின் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீரும். ஊரை ஒட்டிக் கடற்பாறையின் தலைமேல் சான் பேத்ரோ நடைபாதை என்று ஒரு புல்தரை ஓடுகிறது. பெரும்பாலும் சமதளம், முட்டிக்குத் துன்பமில்லை. இடது பக்கம் குவேரா மலைத்தொடர், வலது பக்கம் செங்குத்தாகக் கடல். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது அங்கே போங்கள்.

பக்கத்திலேயே நாவெஸ் கிராமத்தில் குல்பியூரி இருக்கிறது. வயல் நடுவே ஒரு பள்ளம், அதில் மணல், அதில் அலை. கடல் கண்ணுக்குத் தெரியாது. நூறு மீட்டருக்கு அப்பால் பாறைக்குப் பின்னால் இருக்கிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த பள்ளத்துக்குள், பாறைக்கு அடியில் உள்ள சுரங்கங்கள் வழியே கடல் வந்து போகிறது. கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். இறங்கிய நேரத்தில் வெறும் மணல்தான் இருக்கும். இந்தக் கடலில் ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் வரை போகும். அதைக் கணக்கிட்டுப் பழக்கமில்லாதவர்கள் கட்டாயம் அன்றன்றைய அட்டவணையைப் பார்க்க வேண்டும். மதியம் அகன்று கிடந்த மணல், மாலையில் பாறையோடு மூடிப்போகும். பிரியா என்ற இடத்தில் கரைப் பாறையில் துளைகள் இருக்கின்றன, 'புஃபோன்' என்பார்கள். கடல் கொந்தளிக்கும் நாளில், நீர் ஏறியிருக்கும் நேரத்தில், கீழே குகைக்குள் புகும் அலை காற்றை நெருக்கி இந்தத் துளைகளின் வழியே நீரைப் பீறிட வைக்கும். தண்ணீர் வருவதற்கு முன் பூமிக்கடியிலிருந்து ஒரு உறுமல் வரும். தூரத்தில் நின்று கேளுங்கள். துளையின் வாயில் எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து, கல்லும் சேர்ந்து மேலே வரும்.

இனி மலை. யானெஸிலிருந்து முக்கால் மணி நேரத்தில் அரேனாஸ் தே கப்ராலெஸ், அதற்கு மேல் சில கிலோமீட்டரில் போன்செபோஸ். காரேஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த முனை கயீன் கிராமம், பன்னிரண்டு கிலோமீட்டர். காரில் அதே கயீனுக்குப் போக வேண்டுமானால் மலையைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இந்தப் பாதையை யாத்ரீகரும் அமைக்கவில்லை, அரசரும் அமைக்கவில்லை. மின்சாரம் எடுப்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையின் விலாவில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதைப் பராமரிக்கிறவர்கள் நடப்பதற்காக 1940களில் பாறையைக் குடைந்து இந்தப் பாதையை இட்டார்கள். இன்றும் நடக்கிறவனின் பக்கத்தில் வாய்க்கால் ஓசையின்றி ஓடுகிறது. பல நூறு அடி கீழே ஆறு இரைகிறது. ஒரே தண்ணீரின் இரண்டு குரல்களை அங்கேதான் கேட்டேன். நான் போன காலையில் ஒரு ஆட்டு மந்தை எதிரே வந்தது. பாதையின் அகலம் ஒன்றரை மீட்டர் இருக்கும், ஓரத்தில் கைப்பிடி கிடையாது. நான் பாறையோடு ஒட்டி நின்றேன். ஆடுகள் பள்ளத்தின் பக்கமாக, ஒவ்வொன்றாக, என்னைத் திரும்பியும் பார்க்காமல் போயின. கடைசி ஆட்டின் மணியோசை எதிர்ப் பாறையில் பட்டு வெகுநேரம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

போய் வர 24 கிலோமீட்டர். தொடக்கத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறது, அதற்குப் பிறகு பெரும்பாலும் சமதளம். வழியில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மழை பெய்த மறுநாள் மேலிருந்து கல் விழும், அன்று வேண்டாம். முட்டி வலி உள்ளவருக்கு இது ஏற்றதல்ல. நீங்களும் உங்கள் துணைவரும் ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள், அல்லது இரண்டு மணி நேரம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

அம்மாவுக்கு அதே போன்செபோஸில் இன்னொரு வழி இருக்கிறது. பூல்நெஸ் என்ற மலைக்கிராமத்துக்கு 2001 வரை சாலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. பள்ளத்தாக்கின் வழியே ஒன்றரை மணி நேரம் ஏறினால்தான் வீடு. உப்பு முதல் சமையல் அடுப்பு வரை மனிதனின் தோளிலோ கோவேறு கழுதையின் முதுகிலோ போனது. 2001இல் மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தில் சாய்வு ரயில் போட்டார்கள். இப்போது ஏழே நிமிடம். இறங்கியதும் கல்வீடுகள், ஓடை, சுற்றிலும் வெள்ளைப் பாறை. அம்மா ஓடையோரம் உட்கார்ந்திருக்கட்டும். டிக்கெட் விலை அதிகம்தான். அந்தக் கிராமத்தைப் பார்க்க நான் மறுபடியும் கொடுப்பேன்.

அந்தப் பக்கம் இருக்கும்போது 'போ' என்ற கிராமத்தின் சாலையோரக் காட்சிமேடையில் நிறுத்துங்கள். மேகம் விலகினால் நாரன்ஹோ தே பூல்நெஸ் தெரியும். 2,519 மீட்டர், ஒற்றைப் பல் போல நிற்கும் பாறை. அதில் யாரும் ஏற முடியாது என்றிருந்த காலத்தில், 1904 ஆகஸ்ட் 5 அன்று இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் பேத்ரோ பிதால் என்ற பிரபு, மற்றவர் கிரெகோரியோ பேரெஸ், கயீன் கிராமத்து இடையர். முன்னால் ஏறியவர் இடையர்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிதால்தான் பிறகு தேசியப் பூங்காக்களுக்கான சட்டத்தைக் கொண்டுவர உழைத்தார். 1918இல் ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்கா இந்த மலையின் மேற்குப் பகுதியில், கொவதோங்கா என்ற திருத்தலத்தைச் சுற்றி அமைந்தது. கொவதோங்காவின் இரண்டு ஏரிகளும் அழகானவை. கூட்டம் மிகும் நாட்களில் சொந்தக் காரை மேலே விடமாட்டார்கள், கங்காஸ் தே ஒனிஸிலிருந்து பஸ் ஏற வேண்டும். செப்டம்பர் 8 மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அது அஸ்தூரியாஸ் நாள், கொவதோங்கா மாதாவின் திருநாள்.

அரேனாஸில் பாலாடைக்கட்டிக் குகைக்குக் கூட்டிப் போவார்கள். பசும்பால் மட்டுமாகவோ ஆட்டுப்பால் கலந்தோ செய்த கட்டிகளை மலைக்குகையில் மரப்பலகைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே குளிர், சுவரெல்லாம் ஈரம். பிளவுகளின் வழியே வரும் காற்றுதான் அதில் நீலப் பூசணத்தை வளர்க்கிறது. குறைந்தது இரண்டு மாதம் அங்கேயே கிடக்க வேண்டும், அடிக்கடி திருப்பிப் போட வேண்டும். வாசம் கடுமை, முதல் வாய் நாக்கைச் சுடும். இரண்டாவது வாய்க்குள் அந்தக் குகையே வந்துவிடும். சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பால் உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்ப்பது அங்கே வழக்கம். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பொதெஸுக்கு எர்மிதா பிளவு வழியே போங்கள். தேவா ஆற்றோடு 21 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் பாறைச் சுவர், வானம் ஒரு கீற்று. நடுவே லெபேஞா கிராமத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சிறு தேவாலயம் ஒன்றிருக்கிறது. பொதெஸிலிருந்து அரை மணி நேரத்தில் ஃபுவென்தே தே. அங்கே ஒரு கம்பிவட வண்டி, இடையில் தூணே இல்லாமல், நான்கு நிமிடத்துக்குள் 753 மீட்டர் தூக்கி 1,823 மீட்டரில் இறக்கிவிடும். 1966 முதல் ஓடுகிறது. அம்மாவுக்கு இந்தப் பயணத்தின் உச்சம் இதுவாகத்தான் இருக்கும். மேலே அதிகம் நடக்காமலே சிகரங்களின் நடுவில் இருப்பார். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் வாங்க வேண்டும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் முந்தைய இரவு மேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள்.

கடைசி இரவுக்குச் சாந்தியானாவைச் சொன்னது, ஆதிமனிதன் ஓவியம் தீட்டிய அல்தமிரா குகைக்காக. 1879இல் சான்ஸ் தே சவுத்துவோலா என்பவரோடு போன அவரது சிறு மகள் மரியாதான் குகைக் கூரையின் காட்டெருமைகளை முதலில் கண்டாள். ஆதிமனிதனால் இப்படி வரைய முடியாது என்று அறிஞர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களில் முக்கியமானவரான கார்த்தாயாக் 1902இல் தன் தவற்றை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். சவுத்துவோலா இறந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் மூலக்குகை பொதுமக்களுக்கு ஏறக்குறைய மூடியே இருக்கிறது; 2001இல் திறந்த நகலைத்தான் பார்ப்பீர்கள். நகல் நேர்த்தியானது, பாருங்கள். ஆனால் ஒன்றுதான் முடியும் என்றால் புவென்தே வியேஸ்கோவில் உள்ள எல் காஸ்தீயோ குகைக்குப் போங்கள். அது மூலக்குகை. சிறு குழுவாக வழிகாட்டியோடு உள்ளே விடுவார்கள், முன்பதிவு அவசியம். அங்கே ஒரு சிவப்பு வட்டம் குறைந்தது 40,800 ஆண்டுகள் பழையது என்று 2012இல் கணித்தார்கள். அருகே கைத்தடங்கள்: பாறையில் கையை வைத்து, வாயால் செம்மண் சாயத்தை ஊதி எடுத்தவை. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது விரல்களின் இடைவெளிகூடத் தெரிந்தது. என் கை அளவுதான் இருந்தது.

சாப்பாடு. அஸ்தூரியாஸின் பெருமைக்குரிய ஃபபாதா, வெள்ளை மொச்சை போன்ற பெரிய பயற்றில் பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்க வைப்பது. பார்வைக்குப் பயற்றுக் குழம்பாக இருக்கும், ஏமாறாதீர்கள். காய்கறிக் கூட்டிலும் உப்பிட்ட பன்றித்துண்டு கிடக்கும், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே 'சின் கார்னே' என்று மட்டும் சொல்லாமல் 'சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: பன்றியும் மீனும் வேண்டாம். பாத்ரோன் பச்சைமிளகாய் வறுவல், மக்காச்சோள மாவில் பொரித்த 'தோர்தோஸ்', முட்டை சாப்பிடுவீர்களானால் உருளைக்கிழங்குத் தோர்தீயா எல்லாம் கிடைக்கும். அரிசியைப் பாலில் வெகுநேரம் கிளறிக் குறுக்கி, மேலே சர்க்கரையைத் தூவி இரும்பால் சுட்டுக் கொடுக்கும் 'அரோஸ் கோன் லெச்சே' அம்மாவுக்குப் பிடிக்கும். மதியச் சாப்பாடு ஒன்றரைக்குப் பிறகு, இரவுச் சாப்பாடு எட்டரைக்குப் பிறகு. நடுவில் சமையலறை மூடியிருக்கும்.

குடிக்கிறவர்கள் யாராவது இருந்தால், இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சீத்ரா கடையில் போய் நில்லுங்கள். ஆப்பிளைப் புளிக்க வைத்த பானம் அது. ஊற்றுகிறவர் போத்தலைத் தலைக்கு மேலே உயர்த்தி, மெல்லிய அகலக் குவளையைத் தொடைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடிப்பார். குவளையைப் பார்க்கவே மாட்டார். நூல் போல விழும் பானம் கண்ணாடி விளிம்பில் பட்டு உடைய வேண்டும். அப்போதுதான் உள்ளே அடங்கிய வாயு எழும். இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவார், நுரை அடங்குமுன் குடிக்க வேண்டும், கடைசித் துளியைத் தரையில் சிந்தி வாய் வைத்த விளிம்பைக் கழுவி, அடுத்தவருக்கு அதே குவளை. 2024இல் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

கார் இல்லாமல் முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடற்கரையூர்களுக்கு பஸ் நன்றாக ஓடுகிறது. குறுகிய பாதை ரயிலும் இருக்கிறது, ஆனால் அதில் பில்பாவிலிருந்து வழியில் உள்ள சாந்தந்தேர் நகரத்துக்குப் போகவே மூன்று மணி நேரம் எடுக்கும், பஸ்ஸுக்கு அதில் பாதிதான். மலைக்குள் பஸ் மிகக் குறைவு. அம்மாவோடு போகும்போது கார் எடுங்கள். இந்திய உரிமம் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். மேற்கே தள்ளியிருந்தும் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், செப்டம்பர் நடுவில் அங்கே விடிவதே எட்டு மணிக்கு. ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர் இருட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். காப்பித்தூள் எடுத்துப் போங்கள், வீட்டில் அடுப்பு இருக்கிறது. ஏழே முக்காலுக்கு அவரைச் சான் பேத்ரோ நடைபாதைக்குக் கூட்டிப் போங்கள். கீழே கடல் இன்னும் கருப்பாக இருக்கும்போதே, குவேரா மலையின் முகட்டில் முதல் வெளிச்சம் விழும்.